கிரான் பாலத்துக்கு அங்கால ரெண்டு நாள்: மட்டக்களப்பு முந்தனை ஆற்றுப் பக்கம் எங்க போகலாம்?

கல்லடி ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மாசிக் கடைசியில அண்ணா குடும்பம் ரொறன்ரோவில இருந்து வருது. பிள்ளைகள் ரெண்டு பேர், மூத்தவளுக்குப் பதினொண்டு, சின்னவனுக்கு எட்டு. பாசிக்குடா, பாலமீன்மடு வெளிச்சவீடு, கல்லடிப் பாலம் எல்லாம் போன முறையே பார்த்திட்டாங்க. இந்த முறை அண்ணா கேக்கிறது வேற. எங்கட அப்பா ஒரு காலத்தில புலிபாய்ந்தகல் பக்கம் குத்தகைக்கு வயல் செய்தவர். வாடியில (வயல் குடிசையில) தங்கிப்போட்டு வீட்டுக்கு வந்தா ஆத்தையும் மலையையும் பத்தித்தான் கதை. அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டோணும் எண்டு அண்ணா ஒரே பிடியா நிக்கிறார்.

நான் இந்த ஊரிலயே இருந்தும் கிரான் பாலத்துக்கு அங்கால போனது குறைவு. ஆக்களோட விசாரிச்சா ஆளுக்கு ஒண்டு சொல்றாங்க. குடும்பிமலையில சின்னப் பிள்ளைகளை ஏத்தலாமா? வான் போகுமா? ஆத்தில குளிக்கலாமா? மற்ற நாளுக்கு அதே திசையில வேற என்ன இருக்கு? அந்தப் பக்கத்து ஆக்கள் சொன்னா உதவியா இருக்கும்.

கிரான் வட்டை:

ரீச்சர், மாசி எண்டா நல்ல காலம். ஐப்பசிக் கடைசி தொடக்கம் தை மட்டும் இந்தப் பக்கத்தை நம்பி ஒருத்தரும் திட்டம் போடக்கூடாது. வாடை மழை பிடிச்சு மேல இருந்து தண்ணி இறங்கினா கிரான் பாலத்துக்கு மேலால ஆறு ஓடும். அந்த நாளையில அங்கால இருக்கிற சனத்துக்குத் தோணியும் மெசின் வள்ளமும்தான். நோயாளியையும் அதிலதான் ஏத்தி வாறது, பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரும் அதிலதான் போறது.

மாசியில வெள்ளம் வடிஞ்சு, வெள்ளாமை வெட்டுத் தொடங்கியிருக்கும். பாலத்தில ஏறினதும் ரெண்டு பக்கமும் பழுத்த வயல். வீதி ஓரத்தில நெல்லுக் காயும். வெட்டு மெசின் முன்னுக்கு வந்தா வான் ஒதுங்கி நிண்டு வழி விடோணும், அதுக்கும் நேரம் வச்சுக்கொண்டு வாங்க.

வழி சுகம். கிரான் சந்தியில மேற்கால கிறுகினா பாலம். மறுகா புலிபாய்ந்தகல். அதுக்குப் பிறகு கோராவெளி, முறுத்தானை, பேரில்லாவெளி எண்டு பாதைகள் பிரியும். குடும்பிமலை எங்க இருந்து பார்த்தாலும் தெரியும், வழி தவறினாலும் மலையை வச்சுத் திசை பிடிக்கலாம். ஆனா வழி தவறாதீங்க, ஊர்ச் சனத்திட்டக் கேளுங்க. கூகிள் காட்டுற சில பாதை வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) போய் வாய்க்கால் கட்டோட முடியும்.

பிள்ளைகள் மலை அடிவாரம் மட்டும் தாராளமாப் போகலாம். மேல ஏறுறது வேற விசயம். அது வெறும் பாறை, வெயில் ஏறினா கால் வைக்க ஏலாது. காலமை ஏழு மணிக்கு அடிவாரத்தில நிண்டாத்தான் ஏறுற யோசனையே வேணும். அடிவாரத்தில படை முகாம் இருக்கு, அங்க சொல்லிப்போட்டு ஏறுறது நல்லம்.

புவியியல் வாத்தியார் (களுவாஞ்சிக்குடி):

தங்கச்சி, பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் இந்த ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பார்க்கும் கண் மாறிவிடும்.

முந்தனை ஆறு ஓர் ஊற்றில் பிறந்து நேராக ஓடிவரும் ஆறு அல்ல. மலைநாட்டின் கிழக்குச் சரிவுக்குக் கீழே மகாஓயா, றம்புக்கன் ஓயா, கல்லோடை ஆறு என்று பல கிளைகள் சேர்ந்து வருகிறது. மழைக்காலத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் நிறையும். கிரானுக்குக் கிட்ட நிலம் தட்டையாகிவிடுவதால் வந்த வெள்ளம் ஓட வழியின்றிப் பரவி நிற்கும். 2011 தை மாதத்தில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம். அதே வெள்ளம் விட்டுப்போகிற வண்டல்தான் இந்த வட்டைகளின் செழிப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த ஆற்றைப் பார்க்க வேண்டும்.

மலைகளுக்கு வருவோம். நமது கிழக்குக் கரை முழுவதும் விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் மிகப் பழைய உருமாறிய பாறைகளின் மேல் இருக்கிறது. சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிபட்டுப் போக, கடினமான பாறை மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. பாடசாலைப் புத்தகத்தில் எச்சக்குன்று என்று படித்திருப்பீர்கள். குடும்பிமலை, குசலானமலை, தாந்தாமலை எல்லாம் அந்த வகைதான். கிட்டப் போனால் பாறையின் மேற்படை வெங்காயச் சருகுபோலத் தகடு தகடாகக் கழன்று கிடப்பதைக் காணலாம். கழன்ற தகட்டுக்கு அடியில் கையை விட்டால் குளிர்ந்த மண் இருக்கும், அதில் பன்னம் முளைத்திருக்கும். மூத்த பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள். மலை எப்படித் தேய்கிறது என்பதை விளக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அந்த இடுக்குகளில் பாம்பும் இருக்கும், முதலில் ஒரு தடியால் தட்டிவிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாளுக்கு என் யோசனை பதுளை வீதி. செங்கலடியில் திரும்பி, கறுத்தப் பாலம் தாண்டி, கரடியனாறு, புல்லுமலை வழியாக மகாஓயா போகலாம். கரடியனாற்றுக்குப் பக்கத்தில் குசலானமலை. அங்கே குகைகளில் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை. முருகன் கோயிலும் இருக்கிறது. மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள். எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. விஜயன் தொகுதியும் மத்திய உயர்நிலத் தொகுதியும் சந்திக்கிற கோட்டை ஒட்டித்தான் கன்னியா முதல் மகாஓயா வரை இப்படியான ஊற்றுகள் இருக்கின்றன.

படுவான் மகன்:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ரெண்டாம் நாள் படுவான்கரைக்கு (வாவிக்கு மேற்குக் கரைக்கு) வராமப் போறது நியாயமில்ல ரீச்சர்.

குருக்கள்மடத்தில இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கடக்கிற மிதவையில) ஏறுங்க. மோட்டார் சைக்கிள், ஆடு, நெல்லு மூட்டை எல்லாத்தோடயும் சேர்ந்து வாவியைக் கடக்கிறது பிள்ளைகளுக்கு மறக்காது. 2014இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு அதில பாதை இல்ல, முந்தி அங்கயும் இப்பிடித்தான். வானை மண்முனைப் பாலத்தால சுத்தி அனுப்பிப்போட்டு நீங்க பாதையில வாங்க.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் கும்பிட்டுப்போட்டு மேற்கால போனா தாந்தாமலை. மலைக்கு மேல முருகன். மேல நிண்டு பார்த்தா காடும் குளமும் வயலும் ஒரே பச்சை. ஆடியில திருவிழாவுக்குச் சனம் நிரம்பும், மாசியில அமைதி. திரும்பி வரக்குள்ள உன்னிச்சைக் குளம். மட்டக்களப்பு நகரத்தில குழாயில குடிக்கிற தண்ணி அங்க இருந்து வாறதுதான். கட்டில ஏறி நிண்டு வான்கதவுகளைப் பாருங்க. அந்தக் கதவு திறந்தா எங்கட ஊர் வட்டைக்கெல்லாம் என்ன ஆகுமெண்டு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

குடும்பிமலைக்கு இங்கால காட்டுக்குள்ள ஒரு சுனை இருக்கு. கோடையிலயும் வத்தாது. பொடியன்மார் நாங்க போய்ப் படம் எடுத்தம். இடத்தை வரைபடத்தில குறிச்சு வச்சிருக்கன், இதில போடுறன், எல்லாரும் போய்ப் பாருங்க.

பட்டிக்காரன் பேரன்:

தம்பி, அந்த வரைபடத்தைத் தயவுசெய்து போடாதீங்க. போட்டிருந்தா எடுத்துவிடுங்க.

நீங்க நல்ல எண்ணத்திலதான் சொல்றீங்க, எனக்கு விளங்குது. ஆனா அந்தச் சுனை சும்மா கிடக்கிற தண்ணியில்ல. கச்சான் காத்து அடிக்கிற ஆனி, ஆடியில குளமெல்லாம் வத்திப் போனா, எங்கட மாடும் காட்டுப் பண்டிகளும் மானும் யானையும் அதுக்குத்தான் வாறது. பின்னேரம் யானை வாற தண்ணிக்குச் சனம் போய்ப் பாட்டுப் போட்டுக் கூத்தடிச்சா, யானை அங்க வராது, கீழ வட்டைக்குத்தான் போகும். மறுகா அந்த ராத்திரி பாதிக்கப்படுறது வாடியில படுத்திருக்கிற கமக்காரன். போன கோடையில அந்தப் பக்கம் தாத்தாவோட மாடு பார்க்கப் போன நேரம், பாறைக்கு மேல உடைச்ச போத்தல் கண்டன். மாட்டுக் குளம்புக்கிடையில கண்ணாடி ஏறினா என்ன பாடு எண்டு பட்டிக்காரனுக்குத் தெரியும்.

இந்தப் பக்கத்தைப் பார்க்க வாறவங்களுக்கு நான் ஒண்டு சொல்லோணும். மாரியில வட்டையெல்லாம் விதைச்சுப் போட்டா மாட்டுக்கு அங்க இடமில்ல. அதால ஐப்பசி, கார்த்திகையில பட்டியை மேல, மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் சாய்ச்சுக்கொண்டு போறது. வெட்டு முடிஞ்சா திரும்பிக் கீழ வாறது. எங்கட தாத்தாவின் தாத்தா காலத்தில இருந்து இதுதான் வழமை. ஒவ்வொரு பட்டிக்கும் சுட்ட குறி இருக்கு, குறியைப் பார்த்தா யாரின்ட மாடு எண்டு தாத்தா தூர நிண்டே சொல்லுவார். ராவைக்குக் கண்டுகளைத் தனியாக் கட்டிப்போட்டு, விடிய நாலு மணிக்குக் கண்டை அவிழ்த்து ஒரு வாய் குடிக்க விட்டு, பால் இறங்கினதும் கறக்கிறது. அந்தப் பாலைச் சுண்டக் காய்ச்சி, இளஞ்சூட்டில உறை குத்தி, சட்டியில ஊத்தி மூடுறது. நீங்க வீதியில வாங்குற தயிர்ச் சட்டிக்குப் பின்னால இவ்வளவும் இருக்கு.

அந்த மேய்ச்சல் தரைக்காகத்தான் 2023 செப்டெம்பரில சித்தாண்டியில பண்ணையாளர்கள் வீதியில இருந்து போராடினது. அந்தத் தரை எங்களுக்குக் காட்சிக்கு இல்ல, சீவியத்துக்கு. வாங்க, பாருங்க, ஆனா அப்பிடிப் பாருங்க.

படுவான் மகன்:

அண்ணன், வரைபடத்தை எடுத்திட்டன். போத்தல் விசயம் நானும் கண்டிருக்கன், எனக்கும் வயிறு எரியுது.

ஆனா ஒண்டுக்கு நீங்க பதில் சொல்லோணும். எங்கட பக்கத்துப் பொடியன்மார் படிச்சுப்போட்டு வேலை இல்லாமக் கட்டாருக்கும் கொரியாவுக்கும் போறாங்க. பாசிக்குடாவில ஹோட்டல் வந்தது, அறுகம் குடாவுக்கு வெள்ளைக்காரர் வருசா வருசம் வாறாங்க. ஆத்துப் பக்கத்துக்கு என்ன வந்தது? மண் ஏத்துற டிப்பர்தான் வந்தது. ஆக்கள் வந்து பார்த்து, இது பெறுமதியான இடம் எண்டு நாலு பேர் பேசினா, மண் அள்ளுறதையும் மரம் தறிக்கிறதையும் கேக்கிறதுக்கும் நாலு பேர் இருப்பாங்க. ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்த இடம்தான் ஒருத்தருக்கும் தெரியாம அழிஞ்சும் போகுது.

பட்டிக்காரன் பேரன்:

அதை நான் மறுக்கல. தெரிஞ்சு வாறதுக்கும் கூட்டமா வந்து இறங்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரீச்சர்ட அண்ணா மாதிரி ஒரு குடும்பம், ஊர் ஆள் ஒருத்தரோட வந்தா நானே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டி காட்டுவன். கூகிளில குறி போட்டா முப்பது மோட்டார் சைக்கிள் வரும், அதைத்தான் சொல்றன்.

கல்லாத்துத் தம்பி, ரொறன்ரோ:

வணக்கம். அந்த அண்ணா நான்தான். தங்கச்சி கல்லடியில, நான் கலியாணம் முடிச்சது கல்லாறு.

இங்க நடக்கிற கதையை வாசிக்க மனசுக்கு நிறைவா இருக்கு. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாறது படம் எடுக்க இல்ல. அப்பாவுக்கு 1978 கார்த்திகைச் சூறாவளி அடிச்ச ராத்திரிக் கதை ஒண்டு இருக்கு. வாடிக் கூரை பறந்து, மருதமரத்து வேரைக் கட்டிப்பிடிச்சு விடியும் மட்டும் இருந்தாராம். விடிஞ்சு பார்த்தா தென்னையெல்லாம் பாறி விழுந்து கிடக்க, மருதமரம் மட்டும் கொப்பு முறிஞ்சு நிண்டதாம். அந்த மரம் நிக்குதோ இல்லையோ தெரியாது, ஆத்தங்கரை மருதமர நிழலில பிள்ளைகள் கொஞ்ச நேரம் இருந்தாப் போதும் எனக்கு.

பட்டிக்காரன் பேரன், நீங்க சொன்ன மாதிரி ஊர் ஆளோட வாறன். உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டா தாத்தாவையும் சந்திக்கோணும். என்ட சின்னவனுக்குப் பால் கடையில வாறது எண்டுதான் தெரியும்.

ஒரு சந்தேகம். மருதநிழலில இருந்தா ஆத்தில இறங்கலாமா? அப்பா குளிச்ச ஆறு.

சாய்ந்தமருதூரான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். காக்கா, தண்ணி விசயத்தில ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க.

ஆறு எங்களுக்கும் சொந்தம்தான், ஆனா ஆறு அறிமுகம் பார்க்காது. 2024 நவம்பர் 26 எங்கட பக்கம் மாவடிப்பள்ளித் தாம்போதியில (வெள்ளம் மேலால ஓடுற தாழ்ந்த பாலத்தில) வெள்ளம் இழுத்த உழவு மெசினில மத்ரசாப் புள்ளைகள் இருந்தாங்க. அந்த மையத்துகளைத் தேடி எங்கட ஊர்ப் பொடியன்மார் ராப்பகலாத் தண்ணிக்குள்ள நிண்டாங்க. நானும் கரையில நிண்டன். அதுக்குப் பிறகு தாம்போதிக்கு மேல முழங்கால் தண்ணி ஓடினாலும் நான் வாகனத்தைக் கொண்டு போறல்ல. மேல மழை பெய்தா கீழ வெயிலோட வெள்ளம் வரும். மாசியில வெள்ளப் பயம் குறைவுதான், ஆனாலும் ரெண்டு நாளைக்கு முன்ன மகாஓயாப் பக்கம் மழையா எண்டு விசாரிச்சுப் போங்க.

கிரான் வட்டை:

சாய்ந்தமருதூரான் சொன்னதுக்கு மேல நான் இன்னொண்டும் சேர்க்கிறன். அப்பா குளிச்ச ஆறு இப்ப அதே ஆறு இல்ல அண்ணன். முந்தி மணல் மேடாகி, படிப்படியா ஆழமாகும். இப்ப மண் அள்ளின குழிகள் தண்ணிக்கடியில கிடக்கு. முழங்காலளவில நடந்து போற ஆள் அடுத்த எட்டில ஆளுயரத்துக்கு இறங்குவார். மேல பார்த்தா ஒண்டும் தெரியாது, தண்ணி அசையாமக் கிடக்கும். முதலையும் உண்டு. பிள்ளைகள் கரையில நிண்டு காலை நனைக்கட்டும், அதுவும் ஊர் ஆள் காட்டுற இடத்தில. குளிக்க ஆசை எண்டா கிணத்தடி இருக்கு, வாளியால அள்ளிக் குளிக்கலாம், நான் ஒழுங்கு பண்ணித் தாறன்.

யானையைப் பத்தி ஒருத்தரும் விரிவாச் சொல்லல்ல. பின்னேரம் நாலு மணிக்குக் குடும்பிமலையில இருந்து வெளிக்கிடுங்க. மம்மல் நேரம் (பொழுதுபடுற நேரம்) அந்தக் கிறவல் வீதியில நிக்கக்கூடாது. வீதியில யானைப் பிண்டம் புதுசாக் கிடந்தா, ஈரம் காயாம இருந்தா, அங்கால போகாம நிண்டு ஊர் ஆளைக் கேளுங்க. யானை முன்னுக்கு வந்தா ஹோன் அடிக்காதீங்க, இறங்கிப் படம் எடுக்காதீங்க, மெதுவாப் பின்னுக்கு எடுங்க.

இன்னொரு பயம் ஆக்களுக்கு இருக்கும், வெளிப்படையாக் கேக்கமாட்டாங்க. 2017இல மட்டக்களப்பைக் கண்ணிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சாச்சு. இருந்தாலும் காட்டுக்குள்ள மண்ணில இரும்பா ஏதும் கண்டா பிள்ளைகளை எடுக்க விடாதீங்க. நடந்து தேய்ஞ்ச ஒற்றையடிப் பாதையோட மட்டும் போங்க. குடும்பிமலை 2007இல சண்டை நடந்த மலை, அதை மறந்து நடக்கக்கூடாது.

சாய்ந்தமருதூரான்:

ரீச்சர், நீங்க அம்பாறைப் பக்கம் ஒரு நாள் வாறதாயிருந்தா, சேனநாயக்க சமுத்திரம். இலங்கையிலயே பெரிய நீர்த்தேக்கம். இங்கினியாகலையில இருந்து வள்ளத்தில போனா தீவுக்குத் தீவு யானை நீந்துறதைக் காணலாம், ஆனா அது நீர்மட்டம் இறங்குற பங்குனிக்குப் பிறகு ஆடி மட்டும்தான் நல்லாக் காணுற காலம். மாசியில சொல்ல ஏலா.

புவியியல் வாத்தியார் (களுவாஞ்சிக்குடி):

நல்ல யோசனை தம்பி. ஆனால் அந்த ஆற்றைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கல்லோயா என்று இன்று சொல்லும் பட்டிப்பளை ஆறு 108 கிலோமீற்றர் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது, 1954 இல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடு தேசிய பூங்கா ஆனது. 1956 இல் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் மேல் நடந்த வன்முறையும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. அணைக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஒரு நாளில் அடக்கிப் பார்க்கிற இடம் அல்ல அது. அடுத்த முறைக்கு வையுங்கள்.

முறுத்தானை மருமகள்:

நான் இதில எழுதுறது குறைவு, வாசிக்கிறதுதான். எங்கட பக்கத்தைப் பத்திக் கதைக்கிறபடியால் எழுதுறன்.

வாற ஆக்கள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, ஆத்தங்கரையில சாப்பிட்டு, சொப்பிங் பையைப் போட்டிட்டுப் போறாங்க. எங்கட ஊருக்குள்ள ஒரு சதமும் வாறல்ல, குப்பைதான் வருது. அந்தப் பையை மாடு தின்னுது. முதல் நாளே சொல்லிப்போட்டு வாங்க, நாங்க சமைச்சுத் தாறம். நாட்டரிசிச் சோறு, குளத்து மீன் குழம்பு, கீரைச் சுண்டல், மோர் மிளகாய், கடைசியில தயிரும் தேனும். எங்கட பொம்பிளையள் நாலைஞ்சு பேர் சேர்ந்து செய்யிறம். வெளியில கடையில குடுக்கிற காசைத் தந்தாப் போதும்.

பொம்பிளைப் பிள்ளையோட வாறதாச் சொல்றீங்க ரீச்சர். மலையடியிலயோ ஆத்தங்கரையிலயோ மலசலகூடம் எண்டு நம்பிக்கொண்டு போகாதீங்க. எங்கட வீடு இருக்கு, கோயிலடி இருக்கு, கூச்சமில்லாமக் கேளுங்க. இதை ஆம்பிளையள் ஒருத்தரும் எழுதமாட்டாங்க எண்டுதான் நான் எழுதினன்.

கோராவெளிக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில கதவு திறந்து குளிர்த்தி (அம்மனைக் குளிர்விக்கிற பாட்டு) பாடுற நேரம் வந்தீங்களெண்டா, பாலத்துக்கு அங்கால இருந்தும் இங்கால இருந்தும் சனம் வந்து நிக்கும். அந்த நாளில எங்கட ஊரைப் பாருங்க. மற்ற நாளில அம்மன் கோயில் வளவுக்குள்ள போகக்குள்ள செருப்பைக் கழட்டுங்க, பாட்டுப் பெட்டியை நிப்பாட்டுங்க. அவ்வளவுதான் நாங்க கேக்கிறது.

படுவான் மகன்:

அக்கா, நீங்க சொன்ன சாப்பாட்டு ஒழுங்கு எங்கட பக்கமும் செய்யலாம். தாந்தாமலையடியில இப்ப இப்பிடி ஒண்டும் இல்ல. ஊர்ச் சங்கத்தில கதைச்சுப் பார்க்கிறன்.

கல்லடி ரீச்சர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வாசிச்சு, அண்ணாவோடயும் கதைச்சு முடிவு எடுத்தம்.

முதல் நாள் முழுக்கக் கிரான் பாலத்துக்கு அங்கால. காலமை ஐந்தரைக்குக் கல்லடியில வெளிக்கிட்டு நேராக் குடும்பிமலை அடிவாரம். அண்ணாவும் மூத்தவளும் ஏறக்கூடிய அளவுக்கு ஏறட்டும், நானும் சின்னவனும் அண்ணியும் கீழ கோயிலடியில இருப்பம். பத்து மணிக்கு முதல் இறங்கி, பட்டிக்காரன் பேரனோட பட்டிக்குப் போறம். சுனைப் பக்கம் போகல்ல. மத்தியானம் முறுத்தானையில சாப்பாடு, அக்கா, பெரியாக்கள் நாலு, பிள்ளைகள் ரெண்டு, வான்காரரோட சேர்த்து. பிறகு புலிபாய்ந்தகல் பக்கம் ஆத்தங்கரை, கிரான் வட்டை சொல்ற இடத்தில. நாலு மணிக்குத் திரும்புறம்.

ரெண்டாம் நாள் அண்ணாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகல்ல. அவருக்கு வெந்நீர்க் கிணறும் குசலானமலையும். எனக்குப் பாதையில ஏறித் தாந்தாமலை. சின்னவன் பாதை எண்டதும் அதுதான் வேணும் எண்டு நிக்கிறான். அதால படுவான்கரை. வாத்தியார், குசலானமலைக்கு நானே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போறன், நீங்க கட்டாயம் எங்களோட வரோணும்.

புவியியல் வாத்தியார் (களுவாஞ்சிக்குடி):

வருகிறேன் தங்கச்சி. சித்திரைக்கு முன் வையுங்கள், அதற்குப் பிறகு பாறை தாங்காது. தாந்தாமலையில் பிள்ளைகளுக்குத் தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பட்டிக்காரன் பேரன்:

தாத்தாவிட்டச் சொல்லிட்டன். ஆனா மாசியில எங்கட பட்டி இன்னும் மேலதான் நிக்கும், வெட்டு முழுசா முடிஞ்சாத்தான் சாய்க்கிறது. வான் அங்க வராது. கடைசித் துண்டுக்கு உழவு மெசின் பெட்டியில ஏறித்தான் வரோணும், பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லையே? பால் கறக்கிறதைப் பார்க்கோணும் எண்டா விடிய வரோணும், பத்து மணிக்குக் கண்டுகளைத்தான் பார்க்கலாம். தாத்தா இருப்பார்.

கல்லாத்துத் தம்பி, ரொறன்ரோ:

பெட்டியில ஏறுறம் தம்பி, நான் அப்பாவோட அப்பிடித்தான் போனது. தாத்தாவுக்கு இங்க இருந்து என்ன கொண்டு வரலாம்?

பட்டிக்காரன் பேரன்:

நல்ல டோர்ச் லைட் ஒண்டு. ராவைக்கு யானை பார்க்க.

கிரான் வட்டை:

ரீச்சர், வான் பேசக்குள்ள கிறவல் வீதி எண்டு முதலே சொல்லிப்போடுங்க. சொல்லாமக் கூட்டிக்கொண்டு வந்தா சில பேர் பாலத்தடியில நிப்பாட்டிப்போட்டு அங்கால வரமாட்டம் எண்டு நிப்பாங்க. உயரமான வான் எடுங்க, மேலதிக ரயர் இருக்கா எண்டு பாருங்க. எண்ணெய் கிரானுக்கு வரமுன்னமே நிரப்புங்க, அங்கால செட் இல்ல. சில இடத்தில போனுக்குச் சிக்னலும் இல்ல. அதால நீங்க பாலம் தாண்டக்குள்ள எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போட்டுப் போங்க, திரும்பிப் பாலத்துக்கு வந்ததும் இன்னொரு கோல். என்ட நம்பரைத் தனிச் செய்தியில அனுப்பியிருக்கன்.